யாராவது, யாரும், யார் வேணும்னாலும்: ஸ்பானிஷில் அளவும் தேர்வும் சொல்லும் சொற்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தஞ்சாவூர் பெரிய கோயிலில் வழிகாட்டியாக இருப்பவர்கள், சுவாமிமலை சிற்பக் கூடங்களிலும் நாச்சியார்கோயில் விளக்குக் கடைகளிலும் விற்பனையில் நிற்பவர்கள், கும்பகோணத்தில் ஸ்பானிஷ் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என எல்லாரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஓரளவு பழகிய பிறகும் ‘ஏதாவது’, ‘எதுவும்’, ‘கொஞ்சம்’, ‘எது வேணும்னாலும்’ என்று வரும் இடத்தில்தான் பேச்சு நின்றுபோகிறது.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். தமிழில் படிப்பது போலவே படியுங்கள்: சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லெழுத்து அழுத்தமாக, இரண்டு உயிருக்கு நடுவே மென்மையாக. ‘தோதோ’ (எல்லாம்) என்பதில் முதல் ‘தோ’ ‘தோசை’யில் வருவது, இரண்டாவது ‘அதோ’வில் வருவது. ஸ்பானிஷ்காரர் சொல்வதும் ஏறக்குறைய அப்படியேதான். ‘தெ’, ‘தெல்’, ‘தோஸ்’, ‘தீயா’, ‘தூதா’, ‘தெமசியாதோ’ ஆகியவற்றின் முதல் எழுத்தை மட்டும் ‘தினம்’ என்பதில் போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘புஸ்கா’, ‘புஸ்க்கோ’, ‘பியேனே’, ‘பஸ்தான்த்தே’, ‘புவென்’, ‘பாரியோஸ்’, ‘பாயா’ ஆகியவற்றின் முதல் எழுத்து ‘பஸ்’ என்பதில் வரும் ஒலி. ‘கூஸ்தா’, ‘கூஸ்தே’, ‘க்ரூப்போ’ ஆகியவற்றின் முதல் எழுத்து ‘குரு’ என்பதில் வரும் ஒலி.

‘அல்கோ’, ‘அல்கியென்’, ‘அல்கூனோ’ மூணும் ஒண்ணுதானே? எதை எங்க போடறது?

ஒன்றல்ல. ‘அல்கோ’ பொருளுக்கு: ஏதாவது, ஏதோ. ‘அல்கியென்’ ஆளுக்கு: யாராவது, யாரோ. இந்த இரண்டும் எப்போதும் மாறாது. ஆண்பால், பெண்பால், பன்மை எதுவும் ஏறாது. கடைக்குள் வந்தவரிடம் ‘புஸ்கா அல்கோ?’ (ஏதாவது தேடறீங்களா?). பூட்டாத கதவைத் தட்டி ‘ஆய் அல்கியென்?’ (யாராவது இருக்கீங்களா?).

‘அல்கூனோ’ வேறு வகை. கண்முன் இருக்கிற அல்லது பேச்சில் ஏற்கெனவே வந்த ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றையோ சிலவற்றையோ எடுப்பது. அந்தப் பொருளின் பாலும் எண்ணும் அதில் ஏறும்: அல்கூனோ, அல்கூனா, அல்கூனோஸ், அல்கூனாஸ். பத்து விளக்கை வரிசையாக வைத்துவிட்டு, ‘இதில் ஏதாவது ஒண்ணு பிடிச்சிருக்கா?’ என்று கேட்க ‘லே கூஸ்தா அல்கூனா?’ என்போம். விளக்கு அந்த மொழியில் பெண்பால், அதனால் ‘அல்கூனா’. அங்கே ‘அல்கோ’ போட்டால், விளக்கை விட்டுவிட்டுப் பொதுவாகக் கேட்டது போல ஆகிவிடும்.

இங்கிலீஷ்ல ‘எனி’ன்னு ஒரே வார்த்தை இருக்கே. அதுக்கு ஸ்பானிஷ்ல என்ன?

ஒரே சொல் கிடையாது. இந்தத் தலைப்பில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. நாம் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போகிறோம். நடுவில் ‘எனி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று பொருளும் கலந்துவிடுகின்றன. தமிழில் அவை கலக்கவே இல்லை. அதனால் ஆங்கிலத்தை நடுவில் விடாமல் தமிழிலிருந்து நேரே போங்கள்.

கேள்வியில் ‘யாராவது, ஏதாவது’ என்றால் ‘அல்கியென், அல்கோ’. இல்லை என்னும் வாக்கியத்தில் ‘யாரும், எதுவும்’ என்றால் ‘நாதியே, நாதா’. ‘யார் வேணும்னாலும், எது வேணும்னாலும்’ என்றால் ‘குவால்க்கியேரா’. ‘யாராவது வந்தாங்களா?’, ‘யாரும் வரலை’, ‘யார் வேணும்னாலும் வரலாம்’ என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழில் எந்த இடத்தில் சொல் மாறுகிறதோ அதே இடத்தில் ஸ்பானிஷிலும் மாறுகிறது.

முதல்ல ‘நோ’ன்னு சொல்லிட்டு அப்புறம் ‘நாதா’ன்னும் சொன்னா, ரெண்டு இல்லையும் சேர்ந்து ‘இருக்கு’ன்னு ஆயிடாதா?

ஆகாது. ‘நோ தேங்கோ நாதா’ என்றால் ‘என்கிட்ட எதுவும் இல்லை’, அவ்வளவுதான். ‘எதுவும்’ என்ற சொல் ‘இல்லை’யைத் துணைக்குக் கேட்பது போலவே ‘நாதா’வும் ‘நோ’வைக் கேட்கிறது.

விதி இடத்தைப் பொறுத்தது. ‘நாதியே, நாதா, நிங்கூனோ’ (கடைசியது ‘அல்கூனோ’வின் மறுப்பு: எந்த ஒன்றும்) வினைக்குப் பின்னால் வந்தால் வினைக்கு முன்னால் ‘நோ’ கட்டாயம்: ‘நோ பியேனே நாதியே’ (யாரும் வரலை). அவையே வினைக்கு முன்னால் வந்துவிட்டால் ‘நோ’ போகும்: ‘நாதியே பியேனே’. பொருள் ஒன்றே. ‘நாதியே நோ பியேனே’ தவறு. ‘பியேனே நாதியே’ என்று ‘நோ’ இல்லாமல் சொல்வதும் தவறு. ‘யாரும் வரலை’ என்பதற்கு ‘நோ பியேனே அல்கியென்’ என்பதும் சரியில்லை. ‘யாராவது வரலை’ என்றால் தமிழில் எப்படி இடறுமோ அப்படித்தான் அவர்கள் காதிலும் இடறும்.

சில சமயம் ‘அல்கூனோ’, சில சமயம் ‘அல்கூன்’. கடைசி ‘ஓ’ எங்க போச்சு?

ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் நின்றால் ‘ஓ’ விழும்: ‘அல்கூன் ஓத்தெல்’. நடுவில் ஓர் அடைமொழி புகுந்தாலும் விழும்: ‘அல்கூன் புவென் ஓத்தெல்’ (ஏதாவது ஒரு நல்ல ஹோட்டல்). தனியாக நின்றால் முழுசாக ‘அல்கூனோ’. ‘நிங்கூனோ’வும் அப்படியே ‘நிங்கூன்’ ஆகும்.

நமக்கு இது புதிதல்ல. ‘ஒன்று வேண்டும்’ என்கிறோம், ஆனால் ‘ஒரு விளக்கு’ என்கிறோம்; ‘ஒன்று விளக்கு’ என்பதில்லை. அங்கே ‘ஊனோ’ ‘ஊன்’ ஆவதும், ‘அல்கூனோ’ ‘அல்கூன்’ ஆவதும் அதே வேலை. பெண்பாலிலும் பன்மையிலும் எதுவும் விழாது. அழுத்தமான ‘ஆ’ ஒலியில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு மட்டும் குறுகிய வடிவம் வழங்கும்: ‘அல்கூன் ஆவுலா’ (ஏதாவது ஒரு வகுப்பறை). எழுதும்போது ‘அல்கூன்’, ‘நிங்கூன்’ இரண்டிலும் ‘ஊ’ எழுத்தின் மேல் அழுத்தக் கோடு உண்டு. நீண்ட வடிவங்களில் அது கிடையாது.

‘எந்த ரயிலும் இல்லை’ங்கும்போது நிறைய ரயிலைத்தானே சொல்றோம்? பன்மை போட வேண்டாமா?

வேண்டாம். ‘நோ ஆய் நிங்கூன் த்ரென்’, ஒருமை. தமிழிலும் ‘எந்த ரயிலும்’ தான், ‘எந்த ரயில்களும்’ அல்ல. கத்தரிக்கோல் போல எப்போதும் பன்மையாகவே வழங்கும் ஒரு சில சொற்களுக்கு மட்டும் ‘நிங்கூனாஸ்’ வரும்.

‘கொஞ்சம் பால் வேணும்’னு சொல்ல ‘அல்கூனா லேச்சே’ சரியா?

சரியில்லை. எண்ண முடியாத பொருளுக்கு ‘அல்கூனா’ ஒட்டாது. பால், தண்ணீர், சர்க்கரை, அரிசிக்கு ‘ஊன் போக்கோ தெ லேச்சே’ அல்லது ‘அல்கோ தெ லேச்சே’. ‘பால் இருக்கா?’ என்று கேட்பதற்கு எதுவுமே வேண்டாம்: ‘ஆய் லேச்சே?’ போதும். எண்ணக்கூடியதன் பன்மைக்கும் கேள்வியில் வெறும் பெயர் போதும்: ‘தியேனே எர்மானோஸ்?’ (அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருக்காங்களா?). அங்கே ‘அல்கூனோஸ்’ திணிப்பது ஆங்கில வழியாகப் போனதன் அடையாளம்.

சர்க்கரைக்கு ‘அசூக்கார்’. இந்தச் சொல்லை ஆண்பாலாகவும் சொல்வார்கள், பெண்பாலாகவும் சொல்வார்கள். டிகிரி காபி போட்டுக் கொடுக்கும் இடத்தில் அந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ‘கோன் ஊன் போக்கோ தெ அசூக்கார்’ (கொஞ்சம் சர்க்கரையோட), ‘சின் அசூக்கார்’ (சர்க்கரை இல்லாம) என்று சொல்லுங்கள். இரண்டிலும் பால் தெரிய வேண்டிய அவசியமில்லை.

‘போக்கோ’வும் ‘ஊன் போக்கோ’வும் ரெண்டுமே கொஞ்சம்தானே?

அளவு ஒன்றாக இருக்கலாம். சொல்பவர் பார்க்கும் பக்கம் வேறு. ‘ஊன் போக்கோ தெ’ என்றால் ‘கொஞ்சம் இருக்கு’. வெறும் ‘போக்கோ’ என்றால் ‘அவ்வளவா இல்லை, கம்மி’. குறையைச் சொல்வது. ‘தேங்கோ ஊன் போக்கோ தெ தியெம்ப்போ’ என்று வழிகாட்டி சொன்னால் பயணி உட்கார்ந்து கேள்வி கேட்பார். ‘தேங்கோ போக்கோ தியெம்ப்போ’ என்றால் எழுந்துவிடுவார்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன், மே மாதத்தில் கல்லணையில் நின்று ஆற்றைக் காட்டி ‘ஆய் போக்கா ஆகுவா’ என்றால் ‘தண்ணி ரொம்பக் கம்மி’. அதையே ‘ஆய் ஊன் போக்கோ தெ ஆகுவா’ என்றால் ‘இருக்கு, கொஞ்சம் ஓடுது’. இரண்டு வாக்கியத்திலும் இன்னொன்றைக் கவனியுங்கள். தனியே வரும் ‘போக்கோ’ பெயரோடு சேர்ந்து ‘போக்கா, போக்கோஸ், போக்காஸ்’ என்று மாறும். ‘ஊன் போக்கோ தெ’ மாறாது. தண்ணீர் பெண்பால் என்பதற்காக ‘ஊனா போக்கா தெ’ என்று மாற்ற வேண்டாம்.

காரம் ‘முய்’யா ‘முச்சோ’வா? ‘தெமசியாதோ’ எப்ப? ‘பஸ்தான்த்தே’ன்னா போதும்னா, நிறையன்னா?

அடைமொழிக்கு முன் ‘முய்’: ‘முய் பிக்கான்த்தே’ (ரொம்பக் காரமா இருக்கு). வினையோடும் பெயரோடும் ‘முச்சோ’: ‘பீக்கா முச்சோ’ (ரொம்பக் காரமடிக்குது), ‘முச்சோ கலோர்’ (ரொம்ப வெயில்), ‘முச்சா ஹென்த்தே’ (நிறைய ஜனம்). ஜனம் என்பது அங்கே பெண்பால் ஒருமை. கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் ‘முச்சாஸ்’ ஆகாது.

‘தெமசியாதோ’ அளவு மீறியது, கூடாத அளவு. பெயருக்கு முன் வந்தால் அதோடு மாறும்: ‘தெமசியாதா சால்’ (உப்பு அதிகம்). அடைமொழிக்கு முன் வந்தால் மாறாது: ‘தெமசியாதோ பிக்கான்த்தே’. இதன் பின்னால் ‘தெ’ வராது. ‘ஊன் போக்கோ தெ’ பழகிய வாய் ‘தெமசியாதா தெ சால்’ என்று இழுக்கும், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று பாராட்ட நினைத்து ‘தெமசியாதோ’ போடாதீர்கள், குறை சொன்னதாகத்தான் போய்ச் சேரும்.

‘பஸ்தான்த்தே’ இரண்டுமே. ‘பஸ்தான்த்தே அர்ரோஸ்’ என்றால் போதிய சோறு என்றும் கொள்ளலாம், கணிசமான சோறு என்றும் கொள்ளலாம், சூழல்தான் சொல்லும். வாழை இலையில் இரண்டாம் முறை சோறு போடும்போது ‘போதும்’ என்பதற்கு ஐயமில்லாத சொல் ‘சுஃபிசியென்த்தே’. விலை சொன்னதும் வந்தவர் ‘எஸ் பஸ்தான்த்தே காரோ’ என்றால் விலை போதும் என்று ஒத்துக்கொண்டதாக எடுக்கக் கூடாது, ‘விலை நல்லாவே ஜாஸ்தி’ என்கிறார். இந்தச் சொல்லுக்குப் பால் கிடையாது, பன்மை மட்டும் உண்டு: பஸ்தான்த்தேஸ்.

‘குவால்க்கியேர்’, ‘குவால்க்கியேரா’: பின்னது பெண்பாலா?

இல்லை. ‘ஆ’வில் முடிவதால் அப்படித் தோன்றும். ‘குவால்க்கியேரோ’ என்று ஆண்பாலுக்கு ஒன்றை உண்டாக்கிக்கொள்பவர்களும் உண்டு. அப்படி ஒரு சொல்லே இல்லை. பெயருக்கு முன்னால் ‘குவால்க்கியேர்’, எந்தப் பாலானாலும்: ‘குவால்க்கியேர் ஆவுத்தோபூஸ்’ (எந்த பஸ்ஸானாலும்), ‘குவால்க்கியேர் தியெந்தா’ (எந்தக் கடையானாலும்). தனியாக நின்றால் ‘குவால்க்கியேரா’: ‘குவால்க்கியேரா புவேதே என்த்ரார்’ (யார் வேணும்னாலும் உள்ளே வரலாம்).

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மறக்காது. ‘குவால்’ என்றால் எது. ‘கியேரா’ என்பது வேண்டும் என்ற வினையின் வடிவம். எது-வேண்டும்-ஆனாலும் என்று நாம் கட்டுகிற அதே இரண்டு செங்கல். பன்மைக்கு ‘குவாலெஸ்கியேரா’ என்று நடுவில் மாறும் ஒரு வடிவம் உண்டு, பேச்சில் அரிது.

அதையே பெயருக்குப் பின்னால வச்சா என்ன ஆகும்?

பொருள் இறங்கிவிடும். ‘ஊன் தெம்ப்லோ குவால்க்கியேரா’ என்றால் ‘ஏதோ ஒரு கோயில், சாதாரணக் கோயில்’. வழிகாட்டிக்கு இது உதவும்: பெரிய கோயிலின் முன் நின்று ‘நோ எஸ் ஊன் தெம்ப்லோ குவால்க்கியேரா’ என்றால் ‘இது சாதாரணக் கோயில் இல்லைங்க’.

ஆளைப் பற்றி இப்படிச் சொல்வதில் மிகவும் கவனம் தேவை. ஒரு பெண்ணை ‘ஊனா குவால்க்கியேரா’ என்பது நடத்தையைப் பழிக்கும் வசவு. ‘யாராவது ஒரு பெண்மணி’ என்று சொல்ல நினைத்து இந்த வடிவம் வாயில் வந்துவிடக் கூடாது. இன்னொன்று: ‘இதில் எதை எடுக்கலாம்?’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது ஒற்றைச் சொல்லாக ‘குவால்க்கியேரா’ என்றால் ‘ஏதோ ஒண்ணை எடுங்க’ என்ற அலட்சியம் தொனிக்கும். ‘எல் கே உஸ்தேத் கியேரா’ (நீங்க விரும்பறது), பெண்பால் பொருளானால் ‘லா கே மாஸ் லே கூஸ்தே’ (உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது) என்பதே மரியாதை.

‘சின் தூதா அல்கூனா’ன்னு படிச்சேன். ‘ஏதோ சந்தேகம் இல்லாம’ன்னா அர்த்தம்?

‘எந்தச் சந்தேகமும் இல்லாமல்’ என்று அர்த்தம். இல்லை என்னும் சூழலில் பெயருக்குப் பின்னால் வரும் ‘அல்கூனோ, அல்கூனா’ முழு மறுப்பு, ‘நிங்கூனா’வுக்குச் சமம். தமிழிலும் ‘சந்தேகம் ஏதுமின்றி’ என்று பெயருக்குப் பின்னால் வைக்கிறோமே, அந்த நடைதான். எழுத்திலும் அழுத்திச் சொல்லும்போதும் வரும்.

‘ஊனோஸ்’ன்னாலும் சிலர், ‘அல்கூனோஸ்’ன்னாலும் சிலர். வித்தியாசம் இருக்கா?

பல இடங்களில் ஒன்றுக்கு இன்னொன்றைப் போடலாம். ஆனால் கூட்டத்தைப் பிரித்துக் காட்டும்போது ‘அல்கூனோஸ்’ பொருத்தம்: ‘அல்கூனோஸ் தூரிஸ்தாஸ் நோ கோமென் பிக்கான்த்தே’ (சில பயணிகள் காரம் சாப்பிட மாட்டாங்க; மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்பது உள்ளே இருக்கிறது). ‘பாரியோஸ்’ இன்னும் கொஞ்சம் கூட, பல.

எண்ணோடு வந்தால் ‘ஊனோஸ்’ மட்டும்தான். அப்போது பொருள் ‘சுமார்’. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ‘ஊனோஸ் குவாரென்த்தா கிலோமெத்ரோஸ்’. ‘ஒரு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்’ என்கிறோமே, அந்த ‘ஒரு’தான் இது, அவர்கள் அதைப் பன்மையாக்கிக்கொள்கிறார்கள். பெரிய கோயிலின் குடமுழுக்கு 1010-ல் என்பதால் ‘தியேனே ஊனோஸ் மில் ஆன்யோஸ்’ (ஒரு ஆயிரம் வருஷம் ஆகுது). நேரம் பெண்பால்: ‘ஊனாஸ் தோஸ் ஓராஸ்’ (ஒரு ரெண்டு மணி நேரம்).

நம் ‘ஏழெட்டு’க்கு ‘சியேத்தே உ ஓச்சோ’. ‘அல்லது’ என்பதற்கு ‘ஓ’ தான் சொல். அடுத்த சொல்லும் ‘ஓ’ ஒலியில் தொடங்கினால் அது ‘உ’ ஆகும். இரண்டு ‘ஓ’ மோதிக்கொள்ளாமல் இருக்க அப்படி.

‘இன்னொரு காபி’ன்னா ‘ஊன் ஓத்ரோ கஃபே’வா?

‘ஓத்ரோ கஃபே’. ‘இன்னொரு’ என்பதற்குள்ளேயே ‘ஒரு’ இருக்கிறது. ‘ஓத்ரோ’வும் அப்படித்தான், முன்னால் ‘ஊன்’ ஏற்காது. எண் வந்தால் பின்னால் வரும்: ‘ஓத்ரோஸ் தோஸ் கஃபேஸ்’ (இன்னும் ரெண்டு காபி). ‘அல்கூன் ஓத்ரோ கலோர்’ என்று கேட்டுவிடாதீர்கள், ‘கலோர்’ வெப்பம். வேறு நிறம் வேண்டுமா என்பதற்கு ‘அல்கூன் ஓத்ரோ கொலோர்?’

‘ரெண்டு நாளைக்கு ஒரு தடவை’யை எப்படிச் சொல்றது?

‘காதா தோஸ் தீயாஸ்’. ‘காதா’ (ஒவ்வொரு) எதற்கும் மாறாது. பின்னால் ஒருமைப் பெயர் அல்லது எண் வரும். தினமும் என்பதற்கு ‘தோதோஸ் லோஸ் தீயாஸ்’. இதில் ‘லோஸ்’ விடுபட்டால் தவறு. ‘தோதோ எல் தீயா’ என்று ஒருமையில் சொன்னால் ‘நாள் முழுக்க’. கடை திறந்திருக்கும் நேரத்தைச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

‘நோ கொனோஸ்க்கோ ஆ நாதியே’: நடுவுல அந்த ‘ஆ’ எதுக்கு?

அது நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. ‘பஸ் பார்த்தேன்’ என்று ‘ஐ’ இல்லாமலும் சொல்கிறோம். ஆனால் ‘யாரையும் பார்க்கலை’ என்பதை ‘யாரும் பார்க்கலை’ என்றால் பொருளே மாறிவிடும். ஆளைக் குறித்தால் ‘ஐ’ வேண்டும். ஸ்பானிஷிலும் செயப்படுபொருள் ஆளாக இருந்தால் ‘ஆ’: ‘ஆ அல்கியென்’ (யாரையாவது), ‘ஆ நாதியே’ (யாரையும்), ஆளைக் குறிக்கும் ‘ஆ அல்கூனோ’. ‘அல்கோ’, ‘நாதா’ பொருள் என்பதால் ‘ஆ’ வேண்டாம். ‘ஆய்’ (இருக்கிறது) என்பதற்குப் பின்னும் வராது: ‘நோ ஆய் நாதியே’.

‘அவங்கள்ல யாராவது’ன்னு சொல்ல ‘அல்கியென் தெ எயோஸ்’ சரியா?

‘அல்கூனோ தெ எயோஸ்’ என்பதே நல்ல வழக்கு. கூட்டத்திலிருந்து எடுப்பது ‘அல்கூனோ’வின் வேலை என்று முதல் பதிலில் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. ‘அவங்கள்ல யாரும் இல்லை’ என்றால் ‘நிங்கூனோ தெ எயோஸ்’. ‘அந்தக் குழுவிலிருந்து யாராவது’ என்று கூட்டத்தை ஒருமையில் சொன்னால் ‘அல்கியென் தெல் க்ரூப்போ’ சரி.

‘தமிழ் பேசற யாராவது’ங்கும்போது சில இடத்துல ‘ஆப்லா’, சில இடத்துல ‘ஆப்லே’. ஏன்?

தமிழ் ‘யாரோ’வுக்கும் ‘யாராவது’க்கும் உள்ள வேறுபாட்டை ஸ்பானிஷ் பெயரில் காட்டுவதில்லை, இரண்டுக்கும் ‘அல்கியென்’ தான். வினையில் காட்டுகிறது. அப்படி ஓர் ஆள் இருப்பது தெரிந்திருந்தால் சாதாரண வினை: ‘ஆய் அல்கியென் கே ஆப்லா தமில்’ (தமிழ் பேசற ஒருத்தர் இருக்கார்). இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தேடினால் வினை மாறும்: ‘புஸ்க்கோ ஆ அல்கியென் கே ஆப்லே தமில்’ (தமிழ் பேசற யாராவது கிடைப்பாங்களான்னு பார்க்கறேன்). ‘யாரும் இல்லை’ என்றாலும் மாறும்: ‘நோ ஆய் நாதியே கே ஆப்லே தமில்’.

வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘யாரோ’, ‘ஒருத்தர்’ வந்தால் ‘ஆப்லா’. ‘யாராவது’, ‘யாரும்’ வந்தால் ‘ஆப்லே’. ‘எந்த பஸ்ஸானாலும்’ என்பதிலும் வரப்போகும் பஸ் எது என்று தெரியாததால் மாறிய வினைதான்: ‘குவால்க்கியேர் ஆவுத்தோபூஸ் கே பாயா ஆ கும்பகோணம்’ (கும்பகோணம் போற எந்த பஸ்ஸானாலும்).

ரெண்டு சிலைல எது வேணும்னு கேட்டா, ‘ரெண்டுல எதுவானாலும்’, ‘ரெண்டும் வேண்டாம்’, ‘ரெண்டுமே’ எப்படி வரும்?

‘குவால்க்கியேரா தெ லோஸ் தோஸ்’ என்றால் இரண்டில் எதுவானாலும். ‘நிங்கூனோ தெ லோஸ் தோஸ்’ என்றால் இரண்டும் வேண்டாம். ‘லோஸ் தோஸ்’ அல்லது ‘ஆம்போஸ்’ என்றால் இரண்டுமே. சிலை பெண்பாலாகையால் இங்கே ‘லாஸ் தோஸ்’, ‘நிங்கூனா’, ‘ஆம்பாஸ்’ என்று வரும். ‘குவால்க்கியேரா’ மட்டும் மாறாது. ‘ஆம்போஸ்’ தனக்குப் பின்னால் ‘லோஸ்’ ஏற்காது: ‘ஆம்போஸ் தெம்ப்லோஸ்’ என்றோ ‘லோஸ் தோஸ் தெம்ப்லோஸ்’ என்றோ சொல்லலாம், இரண்டையும் சேர்க்கக் கூடாது.

விலை பேசி முடிக்கும் முன் இந்த ஒரு பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ‘லாஸ் தோஸ்?’ என்று கேட்டு இரண்டு விரலைக் காட்டினால் போதும். ‘குவால்க்கியேரா’ என்று அவர் சொன்னதை ‘ரெண்டுமே’ என்று எடுத்துக்கொண்டு இரண்டு சிலையையும் வைக்கோல் சுற்றிக் கட்டிவிட்டால், பிரித்து மறுபடி கட்ட அரை மணி போகும்.